சொல்லாமல் திரும்பிய விமானங்கள்

நான் ஆயிரக்கணக்கான விமானங்களை ஓட்டியிருக்கிறேன். அத்தனையையும் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையலறையில் உட்கார்ந்தபடி ஓட்டினேன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். எங்கள் ஊரில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

கரிக்கலாம்பாக்கத்தில் நெல் விளைந்த நிலத்தையெல்லாம் கல் நட்டு மனை போட்டுக்கொண்டிருந்த சமயம், மனை விற்ற ஒருவர் நடுவில் ஒரு மண்டபத்தையும் கட்டினார். சுற்றிலும் ஒரு வீடு கூட எழும்பாத இடத்தில் எவன் கல்யாணம் வைப்பான்? மண்டபம் பூட்டியே கிடந்தது. அதை ஒரு கம்பெனி வாடகைக்கு எடுத்தது. விமான நிலையங்கள் புதிதாக ஒரு நடைமுறையைக் கொண்டுவருவதற்கு முன்னால், அது சரிப்பட்டு வருமா என்று பார்த்துச் சொல்வது அந்தக் கம்பெனியின் வேலை. நகரத்து வாடகையில் பத்தில் ஒரு பங்குக்கு அவர்களுக்கு மணமேடையோடு சேர்த்து ஒரு கூடம் கிடைத்தது.

கூடத்தில் ஏசி போட்டு, ரேடார் திரை மாதிரி பெரிய பெரிய திரைகளை வைத்தார்கள். வானத்தில் விமானங்களுக்கு வழி சொல்கிற கண்ட்ரோலர்கள், நிஜமாகவே அந்த வேலை செய்கிறவர்கள், ஒரு பெரிய நகரத்திலிருந்து வேனில் வந்து அந்தத் திரைகளின் முன்னால் உட்காருவார்கள். திரையில் ஓடுவது நிஜ விமானம் இல்லை, கணினி ஓட்டும் புள்ளி. ஆனால் கண்ட்ரோலர் "இடது பக்கம் திரும்பு, கீழே இறங்கு" என்று சொன்னால் பைலட் மாதிரி யாராவது பதில் சொல்ல வேண்டும், அந்தப் புள்ளியைத் திருப்பவும் வேண்டும். அந்த யாராவதுதான் நாங்கள். எங்களுக்குத் தொழிலில் போலி பைலட் என்று பெயர். சமையலறையில் ஆறு மேஜை, ஆறு கணினி, ஆறு ஹெட்போன். சாதம் வடிக்கிற தொட்டியை மட்டும் அவர்களால் பெயர்க்க முடியவில்லை. அதில் கால் வைத்துக்கொண்டுதான் நான் விமானம் ஓட்டினேன்.

அந்த மண்டபம் நிற்கிற இடத்தில்தான் என் அம்மா பல வருஷம் நடவு நட்டிருக்கிறாள். நாங்கள் அடுத்தவர் வயலில் வேலை செய்தே வளர்ந்த குடும்பம். அம்மாவுக்கு அந்த வயல் போனதில் ஒரு வருத்தமும் கிடையாது. "இடுப்பு வுட்டுப் போச்சுடி அந்த சேத்துல. நீ ஏசில குந்திக்கினு நல்லா வேல செய்யி" என்றாள். ஏசி கூடத்தில் மட்டும்தான், சமையலறையில் இல்லை என்று நான் சொல்லவில்லை. பெண் பி.இ. படித்து மூன்று வருஷம் வீட்டிலிருந்தாள், இப்போது பிளேன் ஓட்டுகிறாள் என்று அவள் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். பால் ஊற்றுகிறவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா பைலட்டு, இன்னிக்கி எத்தினி எறக்கினே?" என்பார். "உன் தலைமேல ஒண்ணு எறக்கட்டா?" என்பேன். வாய் எனக்கு அப்போதும் இப்படித்தான். வேண்டிய இடத்தில் மட்டும் அது திறக்காது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களை மேய்த்தவர் இன்சார்ஜ் சார். மணமேடையில் மேஜை போட்டு, அங்கிருந்து எல்லாத் திரைகளையும் பார்ப்பார். நல்லவர் என்றுதான் சொல்ல வேண்டும். கத்த மாட்டார், தீபாவளிக்கு எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் தருவார். ஆனால் ஒரு நோட்டு வைத்திருந்தார். கண்ட்ரோலர் சொன்னது காதில் சரியாக விழாவிட்டால் பைலட் "சே அகெய்ன்" என்று கேட்க வேண்டும், மறுபடி சொல்லுங்கள் என்று. நிஜ வானத்தில் இது நாளெல்லாம் நடக்கிறது. எங்கள் சமையலறையில் யாராவது "சே அகெய்ன்" என்றால், இன்சார்ஜ் சார் அதை அவரவர் பெயருக்கு நேரே ஒரு கோடாகப் போடுவார். அது எங்கள் தப்பு. மாதக் கடைசியில் கோடு அதிகமுள்ளவரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் கவனமா இருங்கம்மா, கான்ட்ராக்ட் ரின்யூ பண்ணணும் இல்ல?" என்று மெதுவாகக் கேட்பார். கத்தியிருந்தால் கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. காதில் விழாததை ஊகிக்கப் பழகினோம்.

அந்த வருஷம் வந்த நடைமுறை இதுதான். தரையிறங்க வரும் விமானங்களெல்லாம் ஒரு வில் மாதிரி வளைந்த கோட்டில் வரிசையாகப் போகும். வில்லின் எந்த இடத்திலிருந்தும் நடுப்புள்ளிக்கு ஒரே தூரம். கண்ட்ரோலர் ஒவ்வொன்றாகப் பார்த்து, முன்னால் போனதற்குப் போதுமான இடைவெளி விழுந்ததும் "இப்போது நடுப்புள்ளிக்குத் திரும்பு" என்று சொல்ல வேண்டும். திரும்பினால் வரிசை தானாக அமைந்துவிடும். இது பல ஊர்களில் இருப்பதுதான். புதுசு என்னவென்றால், இடம் போதவில்லை என்று இந்த வில்லை நறுக்கிக் குட்டையாக்கியிருந்தார்கள், இடைவெளியையும் குறைத்திருந்தார்கள். சொல்ல வேண்டிய நொடியில் சொல்லாவிட்டால் விமானம் வில்லின் முனையைத் தாண்டிவிடும், பின்னால் வருவது அதை நெருங்கிவிடும். நெருங்கினால் திரையில் இரண்டும் சிவப்பாகும். சிவப்பு வந்தால் நடைமுறை தோற்றது, அல்லது கண்ட்ரோலர் தோற்றார். இரண்டில் எது என்று எழுதுவது இன்சார்ஜ் சார்.

அந்த வில்லில் ஐந்து புள்ளிகள். ஐந்துக்கும் ஐந்தெழுத்து இங்கிலீஷ் பெயர்கள், வாயில் நுழையும் ஆனால் ஒரு அர்த்தமும் இருக்காது. எங்களுக்கு ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் முதல் இரண்டு நாள் திண்டாடினோம். பக்கத்து மேஜையில் இருந்தவள் குருவிநத்தத்துக்காரி, தினம் இரண்டு பஸ் மாறி வருகிறவள். அவள்தான் ஒரு காகிதத்தில் அந்த வில்லை வரைந்து, புள்ளிகளுக்கு எங்கள் ஊர்ப் பெயர்களை எழுதினாள். வில்லியனூர், கரிக்கலாம்பாக்கம், அபிஷேகப்பாக்கம், பாகூர், குருவிநத்தம். இந்த வரிசையில் எந்த பஸ்ஸும் போகாது. இருந்தாலும் எங்களுக்கு அது அப்படியே பிடித்துக்கொண்டது. "மூணாவது பிளேனு அபிஷேகப்பாக்கத்துல எறங்கும். அஞ்சாவது பாகூரு. கடைசிது டெப்போ வரைக்கும் போவும்" என்பாள். டெப்போ என்றால் அவள் ஊர். ரேடியோவில் இங்கிலீஷ் பெயரைச் சொல்வோம், மனசுக்குள் பஸ் ஸ்டாப்.

அந்தக் காகிதம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒரே பயிற்சியை வேறு வேறு கண்ட்ரோலர்களுக்குத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள், ஒப்பிட்டுப் பார்க்க வசதி என்று. மூன்றாம் நாளே எந்த விமானம் எந்த ஸ்டாப்பில் திரும்பும் என்று எங்களுக்கு மனப்பாடம். அபிஷேகப்பாக்கம் வந்தால் என் மூன்றாவது விமானத்தின் மேல் விரல் தானாகப் போய் நிற்கும். கண்ட்ரோலர் இரண்டு நொடி தாமதித்தால், விரல் அழுத்திவிடும். அவர் வாயைத் திறக்கும்போது விமானம் ஏற்கனவே திரும்பிக்கொண்டிருக்கும். முதலில் பயமாக இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப்போனால் கண்ட்ரோலர்களுக்கு இது பிடித்துவிட்டது. போகும்போது ஒருவர் மேடையைப் பார்த்து, "உங்க பேக்ரூம் சூப்பர் சார், சொல்றதுக்கு முன்னாடியே செய்றாங்க" என்று பாராட்டினார். இன்சார்ஜ் சார் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் ஆறு பேரும் பூரித்துப்போனோம். வெட்கக்கேடு.

ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் நாங்கள் ஒரு தாள் நிரப்பித் தர வேண்டும். அதில் மூன்றாவது கேள்வி: "கண்ட்ரோலர் சொல்லாமல் நீங்களாக எந்த விமானத்தையாவது திருப்பினீர்களா? ஆம் / இல்லை." அடுத்த ஓட்டத்துக்கு ஐந்து நிமிஷம்கூட இருக்காது, தாளைக் கேட்டு இன்சார்ஜ் சார் வாசலில் நிற்பார். அதனால் திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதற்குமான தாள்களை எடுத்து, எல்லாவற்றிலும் "இல்லை"யில் டிக் போட்டு, கையெழுத்தும் போட்டு அடுக்கிவைத்துவிடுவோம். அவரே சொல்லிக்கொடுத்த வழிதான் அது. டைம் மிச்சம் என்றார்.

மூன்றாவது வேனில் வந்த கண்ட்ரோலர்களில் ஒருவர்தான் மேடம். ஐம்பது வயசிருக்கும். கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். சொந்தமாக ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில், அதன் மூடியில் நசுங்கல். மற்றவர்கள் வந்த நாளே மண்டபத்தைப் பார்த்து ஜோக் அடித்துக்கொண்டிருந்தபோது இவர் போய்த் தன் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் ஓட்டம். என் மூன்றாவது விமானம் அபிஷேகப்பாக்கத்துக்கு வந்தது. மேடம் ஒன்றும் சொல்லவில்லை. என் விரல் அழுத்திவிட்டது. உடனே ஹெட்போனில், ஓட்டத்துக்கு நடுவில், தமிழில் ஒரு குரல்: "யார் திருப்பினது?"

ரேடியோவில் தமிழ் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த ஓட்டம் முடிந்ததும் மேடம் நேராகச் சமையலறை வாசலுக்கு வந்தார். கூடத்திலிருந்து அங்கே வந்த முதல் கண்ட்ரோலர் அவர்தான்.

"மூணாவது யாரும்மா?"

"நான்தான் மேடம்."

"நான் சொன்னேனா?"

"இல்ல மேடம். நீங்க சொல்லப் போறீங்கன்னு..."

"சொல்லப்போறேன்னு உனக்கு எப்படித் தெரியும்? முன்னாடி போனது காத்துல கொஞ்சம் மெதுவாப் போச்சு. அதுக்காகத்தான் நான் நிறுத்திவெச்சேன். நீ பாட்டுக்குத் திருப்பிட்டே." கோபமாகப் பேசவில்லை. தொட்டியில் இருந்த என் காலைப் பார்த்தார், மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் கழற்றிய ஓட்டையைப் பார்த்தார். மேஜையில் இருந்த பஸ் ஸ்டாப் காகிதத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். குருவிநத்தத்துக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "நல்லா வரைஞ்சிருக்கே. ஆனா நிஜ பைலட் கிட்ட இந்தக் காகிதம் இருக்காதே? அவன் கேக்காம திரும்ப மாட்டான். காதுல விழலேன்னா மறுபடி கேப்பான். இந்தச் சின்ன வில்லுல ஒரே ஒரு தடவை அவன் மறுபடி கேட்டாலே எனக்கு நேரம் போச்சு. அதை யாரும் இங்க பாக்கவே இல்ல. ஏன்னா நீங்க யாருமே கேக்கறதில்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் பயந்து விழுங்கின "சே அகெய்ன்"தான் அந்தப் பரீட்சையில் பார்க்க வேண்டிய விஷயமே. அதை ஒரு நோட்டில் கோடு போட்டே ஒழித்துவிட்டார்கள்.

மறுநாள் மேடம் இன்சார்ஜ் சாரிடம் கேட்டார், தன் ஓட்டத்தில் பைலட்டுகள் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும், புரியாவிட்டால் கேட்க வேண்டும் என்று. அவர் சிரித்துக்கொண்டே, "மேடம் கேக்கற மாதிரியே செய்ங்கம்மா" என்றார். அந்தச் சிரிப்பில் அப்போதே எனக்கு ஏதோ உதைத்தது. மேடத்துக்கு மட்டும் அப்படிச் செய்தால், மற்றவர்களுக்கு? அதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆக, அந்த வேனில் வந்த மற்ற நான்கு பேருக்கும் விமானங்கள் பழைய மாதிரி தானாகத் திரும்பின. மேடத்துக்கு மட்டும் திரும்பவில்லை. நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் குரலுக்காகக் காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து ஓட்டை வழியாக வெளியில் யாரோ லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். குருவிநத்தத்துக்காரிக்கு மேடம் சொன்னது கேட்கவில்லை. "சே அகெய்ன்" என்றாள். மேடம் மறுபடி சொன்னார். அதற்குள் அவள் விமானம் பாகூர் தாண்டி டெப்போவுக்குப் போய்விட்டது. பின்னால் வந்தது நெருங்கியது. இரண்டும் சிவப்பு.

மேடம் அதைப் பிரித்து எடுத்தார். இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது, ஒன்றை மேலே ஏற்றி, இன்னொன்றை வெளியே தள்ளி, குரல் ஒரு இழை கூட உயராமல். ஆனால் சிவப்பு சிவப்புதான். கணக்கில் ஏறிவிட்டது. அவர் மூன்று ஓட்டம் செய்தார், இரண்டில் சிவப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம். அதற்கு முன்னால், கை கழுவும் குழாயடியில் மேடம் என்னைப் பிடித்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இன்னிக்கு எல்லார் முன்னாடியும் அந்த சார்ட்டைக் காட்டப் போறார். நாலு பேர் பச்சை, நான் சிவப்பு. இது அப்படியே ரிப்போர்ட்ல போச்சுன்னா என்னை ரேடார்லேர்ந்து எடுத்துடுவாங்க. ட்ரெயினிங் தேவைன்னு எழுதி எங்கியாவது ஃபைல் பாக்கற சீட்ல போட்டுடுவாங்க. எனக்கு இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்கு. இருபத்தாறு வருஷமா எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு சீட்டுதான்." குழாயை மூடினார். "நான் கேட்டா இன்சார்ஜ் உன்னைக் கூப்பிடுவார். மத்தவங்களுக்கு நீங்க சொல்லாமயே திருப்பினீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்றேன் மேடம்" என்றேன். நிஜமாகச் சொல்வதாகத்தான் இருந்தேன். என் அம்மா மேல் ஆணை.

அன்றைக்குக் காலையில்தான் இன்சார்ஜ் சார், அடுத்த கான்ட்ராக்ட்டில் ஆறு பேருக்குப் பதில் நாலு பேர்தான் என்று சொல்லியிருந்தார். யார் அந்த நாலு பேர் என்று சொல்லவில்லை. "பாத்துச் சொல்றேம்மா" என்றார். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. இருந்தது, அவ்வளவுதான்.

கூட்டம் நடந்தது மணப்பெண் அறையில். கண்ணாடி மேஜைக்கு மேல் ப்ரொஜெக்டரை வைத்திருந்தார்கள். நகரத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். நாங்கள் கதவுக்கு வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். இன்சார்ஜ் சார் சார்ட்டைக் காட்டினார். மேடம் சொன்ன மாதிரியேதான், நாலு பச்சை, ஒரு சிவப்பு. மேடம் எழுந்து, மற்றவர்களுடைய ஓட்டங்களில் விமானங்கள் சொல்லுக்கு முன்னால் திரும்பின, இந்த நடைமுறையில் ஒரு தடவை மறுபடி கேட்கக்கூட இடமில்லை, இடைவெளியைக் கூட்டாமல் இதை வானத்தில் விடக்கூடாது என்று, எவ்வளவு கூட்ட வேண்டும் என்ற கணக்கோடு சொன்னார். "என்னை விட்டுடுங்க, பைலட் பொண்ணுங்களைக் கேளுங்க."

என்னைக் கூப்பிட்டார்கள். நான் வாசற்படியில் நின்றேன், இன்சார்ஜ் சார் தன் மேஜையிலிருந்து எடுத்துவரச் சொன்ன வாரத்துத் தாள்களோடு. எட்டு முகங்கள் திரும்பிப் பார்த்தன. மேடம் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சந்தேகமும் இல்லை. அதுதான் இன்னும் என்னைக் கொல்கிறது.

"ஏம்மா," இன்சார்ஜ் சார் எப்போதும் போல மெதுவாகக் கேட்டார், "நீங்க யாராவது கண்ட்ரோலர் சொல்லாம எதையாவது திருப்பினீங்களா?" கேட்டுக்கொண்டே என் கையிலிருந்த தாள்களை வாங்கினார். மூன்றாவது கேள்வி. எல்லாவற்றிலும் "இல்லை". எல்லாவற்றின் கீழும் என் கையெழுத்து. ஒரு அதிகாரி ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

உண்மையைச் சொன்னால் என் கையெழுத்தே பொய் என்று ஆகும். பால்காரனிடம் தலைமேல் பிளேன் இறக்குவேன் என்று சொன்ன வாய் இது.

"இல்ல சார்" என்றேன்.

மேடம் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், பொய் சொல்கிறாள் என்று கத்தியிருக்கலாம். செய்யவில்லை. இன்சார்ஜ் சார் அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

வேன் கிளம்பும்போது நான் சமையலறையில் ஒளிந்துகொண்டிருந்தேன், ஆமாம், ஒளிந்துகொண்டுதான். மேடமே வாசலுக்கு வந்தார். "தண்ணி பாட்டிலை ரூம்ல வெச்சுட்டேன் போல, கொஞ்சம் எடுத்துக் குடும்மா" என்றார். ஓடிப்போய் எடுத்துவந்தேன். பாதித் தண்ணீர் இருந்தது. வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ்மா" என்றார். அந்தத் தேங்க்ஸ் மனசிலிருந்து வந்ததா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. குத்தலாக இருந்தால் தேவலை என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

அடுத்த கான்ட்ராக்ட்டில் நான் இருந்தேன். குருவிநத்தத்துக்காரி இல்லை. அந்த மாதம் அவள் பெயருக்கு நேரே "சே அகெய்ன்" கோடு அதிகம், மேடத்துக்காகக் கேட்டதும் சேர்த்து. போகும்போது பஸ் ஸ்டாப் காகிதத்தைக் கிழித்து அந்தத் தொட்டியில் போட்டாள். "நல்லா வாயத் தொறந்தே டி நீ. அவரு கேட்டத அப்படியே திருப்பிச் சொல்லிட்டே. பைலட்டுன்னா நீதான்டி பைலட்டு" என்றாள். இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். பாகூர் சந்தையில் ஒருநாள் எதிரில் வந்தவள், மீன் கூடை பக்கம் திரும்பிக்கொண்டு நான் போகும்வரை விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் உள்ளே போய் உட்கார்ந்து விமானம் ஓட்டினேன். வேறு ஊர், வேறு நடைமுறை. சம்பளம் வந்தது. அம்மா தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது, "இன்னாடி, நாலு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்கே?" என்று கேட்டாள். முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். "அந்தம்மாவுக்கு வூட்ல எத்தினி பேரு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கூட வைத்திருக்கவில்லை. நான்கு நாள் இல்லை, நான்கு மாதம் ஆகியிருந்தது அதற்குள்.

இரண்டு வருஷம் கழித்து அதே வில் திரும்பி வந்தது. நிஜத்தில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்து சில மாதங்களிலேயே நிறுத்திவிட்டார்களாம். விபத்து ஏதும் இல்லை, நல்லவேளை. ஆனால் பைலட்டுகள் மறுபடி மறுபடி கேட்டார்களாம், விமானங்கள் முனையைத் தாண்டிப் போயினவாம், கண்ட்ரோலர்கள் திணறினார்களாம். இப்போது வில்லைக் கொஞ்சம் நீட்டி, இடைவெளியைக் கூட்டி, மறுபடி சோதிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மேடையிலிருந்து இன்சார்ஜ் சார் எங்களுக்கு விளக்கினார். களத்திலிருந்து வந்த கருத்துகளை வைத்து மேம்படுத்தப்பட்டது என்றார். திரையில் அந்தப் புது இடைவெளியைப் பார்த்தேன். மேடம் மணப்பெண் அறையில் நின்று கேட்டாரே, அதேதான். ஒரு மயிரிழை கூட வித்தியாசமில்லை.

வந்திருந்த கண்ட்ரோலர்களில் ஒரு இளைஞரிடம், டீ குடிக்கும்போது கேட்டேன். கண்ணாடியில் கயிறு கட்டியிருப்பார், ஸ்டீல் பாட்டில் என்று அடையாளம் சொன்னேன்.

"ஓ, அவங்களா? அவங்க இப்ப ஸ்டோர்ஸ்ல இருக்காங்க. பேப்பர், டோனர் எல்லாம் அவங்ககிட்டதான் சைன் பண்ணி வாங்கணும்."

"ரேடார்ல?"

"இல்லையே. ட்ரெயினிங் தரேன்னு சொல்லி எடுத்தாங்க, தரவே இல்ல. இத்தனை நாள் ரேடார்ல உக்காரலேன்னா ரேட்டிங், அதான் ரேடார் பாக்கற தகுதி, போயிடும். இனிமே இந்த வயசுல மறுபடி வாங்கறது கஷ்டம். ரிட்டயர் ஆகற வரைக்கும் ஸ்டோர்ஸ்தான்." டீயை ஊதிக்கொண்டே, "இந்தப் ப்ரொசீஜர் சரியா வராதுன்னு அவங்க அப்பவே சொன்னாங்களாம். இங்கதான் டெஸ்ட் பண்ணியிருக்காங்க. யாரும் கேக்கலையாம். அப்ப நீங்க இருந்தீங்களா?" என்றார்.

"இருந்தேன்" என்றேன். அதோடு டீ கிளாசைக் கழுவப் போய்விட்டேன்.

அன்று திங்கட்கிழமை. சமையலறைக்கு வந்து வாரத்துத் தாள்கட்டை என் பக்கம் இழுத்தேன். ஒன்று தீர்மானித்திருந்தேன். இந்தத் தடவை ஒன்றையும் முன்கூட்டி டிக் போடப் போவதில்லை. விரல் ஒரு தடவை தப்பினாலும் "ஆம்" போடுவேன். போட்டுவிட்டு, கீழே, முன்பும் இப்படித்தான் செய்தோம், அந்த மேடத்தின் தப்பு ஒன்றுமில்லை என்று எழுதுவேன். வேலை போனால் போகட்டும், மருந்துக் கம்பெனி இருக்கவே இருக்கிறது. ரேட்டிங் திரும்பாது, தெரியும். ஆனாலும் ஸ்டோர்ஸில் டோனர் எடுத்துக் கொடுக்கிற ஒருத்தருக்கு, இரண்டு வருஷம் லேட்டாக வந்தாலும், ஒரு காகிதம் போய்ச் சேரட்டும்.

மூன்றாவது கேள்வியைத் தேடினேன். மூன்றாவது இடத்தில் ஹெட்போன் சரியாக வேலை செய்ததா என்றிருந்தது. திருப்பிப் பார்த்தேன். இல்லை. இன்னொரு தாளை எடுத்தேன், அதிலும் இல்லை. எழுந்து மேடைக்குப் போனேன்.

"சார், ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்குமே. நீங்களா திருப்பினீங்களான்னு?"

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "அதை எடுத்தாச்சும்மா. இத்தனை வருஷத்துல ஒருத்தர் கூட 'ஆம்'னு போடலை. அப்புறம் எதுக்கு வேஸ்ட்டா ஒரு கேள்வி?"

நின்றுகொண்டே இருந்தேன். அவர் நிமிர்ந்து, "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார். கூடத்தில் அந்த இளைஞர் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தார். அது முன்பு மேடம் துடைத்த அதே திரை.

"இல்ல சார்" என்றேன்.

திரும்பி வந்து தொட்டியில் காலை வைத்து உட்கார்ந்தேன். வாரம் முழுவதற்குமான தாள்களில் கையெழுத்துப் போட்டு அடுக்கி வைத்தேன். முதல் ஓட்டம் தொடங்கியது. அபிஷேகப்பாக்கம் வந்தபோது அந்த இளைஞர் இரண்டு நொடி தாமதித்தார். அவர் சொல்வதற்குள் என் விமானம் திரும்பிவிட்டிருந்தது.